ஐயாயிரம் ரூபாயும் இருபது கொண்டை ஊசி வளைவும்

போன டிசம்பரில் ஒரே வாரத்தில் என்னிடம் இரண்டு விண்ணப்பங்கள் வந்தன. ஒன்று கனடாவிலிருந்து வாட்ஸ்அப்பில். இன்னொன்று ஏற்காட்டிலிருந்து, மலைப் பனியின் ஈரம் காயாத ஒரு பிளாஸ்டிக் கவரில், பஸ் ஏறி நேரில். இரண்டுமே நாட்டியம் ஆடும் இளசுகளுக்கான உதவித்தொகை. இரண்டு பேருமே சின்ன வயதில் என் நாட்டிய வகுப்பில் அரைமண்டியில் நின்று தொடை வலிக்கிறது என்று அழுதவர்கள், அதனால் இரண்டையும் நிரப்புகிற வேலை என் தலையில் விழுந்தது. படிவம் நிரப்புவதில் எங்கள் தெருவில் எனக்கு ஒரு பெயரே உண்டு. தலைக்கு நூறு ரூபாய் வாங்கியிருந்தால் இந்நேரம் மாடி எடுத்திருப்பேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. சேலம் அம்மாபேட்டை. அப்பா தறி நெய்தவர். நாட்டியம் என்றால் எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது, ஆடிப் பண்டிகைக்கு, சாமி வேஷம் போட்டு வண்டிகளில் வரும் வண்டி வேடிக்கை பார்க்கப் போவதோடு சரி. அதில் ஒரு வருடம் லாரி மேல் நடராஜர் வேஷம் போட்டு ஒற்றைக் காலில் நின்றுகொண்டே போன ஒரு ஆளைப் பார்த்துவிட்டு, குகை என்கிற அந்தப் பகுதியிலிருந்து வீடு வரை நானும் நொண்டிக்கொண்டே வந்தேனாம். அம்மா இன்னும் சொல்லிச் சிரிப்பார். அப்புறம் சேலம் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் சேர்த்தார்கள். தமிழ்நாட்டில் இப்படி 17 மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன, 12 வயதிலிருந்து 25 வரை சேரலாம், மூன்று வருடப் படிப்பு, குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு பாடம், கட்டணம் என்று பேருக்கு ஏதோ வாங்கிக்கொண்டு மாதாமாதம் ஒரு சின்ன உதவித்தொகையை அவர்களே நம் கையில் கொடுப்பார்கள். நான் ஆடினேன் என்றால் அதற்கு இதுதான் காரணம். நாட்டியம் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு என்று பேசுகிறவர்கள் இந்தப் பள்ளிகளைப் பற்றி ஏன் பேசுவதே இல்லை என்று எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கனடாக்காரி எட்டாம் வகுப்பு வரை இங்கே படித்தாள். அப்பாவுக்கு வேலை கிடைத்து டொராண்டோ பக்கம் போய்விட்டார்கள். இப்போது வயது 22. ராத்திரி பத்து மணிக்கு, அவளுக்கு அது பகல், போன் பண்ணினாள்.

"மிஸ், ரேஷியலைஸ்டு கம்யூனிட்டின்னா தமிழ்ல என்ன சொல்வீங்க?"

"எதுக்குடி?"

"அப்படிப்பட்ட சமூகத்துலேர்ந்து வர்ற ஆரம்ப நிலை டான்ஸருக்கு ஒரு ஸ்காலர்ஷிப். நான் அதுல வர்றேனாம். எனக்கே தெரியல."

பாவம், அவளே விளக்கமும் சொன்னாள். இனம் என்பது நாம் பிறக்கும்போது கூடவே பிறப்பதில்லை, அடுத்தவர்கள் நம்மைப் பார்த்து நம் மேல் ஏற்றி வைப்பது, அதனால் 'இன்ன இனத்தார்' என்று சொல்லாமல் 'இனமாக ஆக்கப்பட்டவர்' என்கிற மாதிரி ஒரு சொல்லை அங்கே வைத்திருக்கிறார்கள். அங்கே யாரோ பேராசிரியர்கள் நிறைய யோசித்துக் கண்டுபிடித்தது போலச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதை நாங்கள் சாதிச் சான்றிதழில் அச்சடித்தே கொடுக்கிறோம். பின்தங்கிய வகுப்பு இல்லை, பிற்படுத்தப்பட்ட வகுப்பு. தாழ்ந்தவர் இல்லை, தாழ்த்தப்பட்டவர். அந்த 'பட்ட' இருக்கிறதே, அதற்குள் ஒரு ஆள் நிற்கிறான், நம்மைப் பின்னால் தள்ளியவன். பெயர் மட்டும் போட மாட்டான். இதைச் சொன்னதும் அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் "இதைக் கட்டுரையில எழுதிக்கட்டுமா மிஸ்?" என்றாள். எழுதிக்கோ, எனக்கு என்ன காப்புரிமையா இருக்கிறது?

கனடாவில் 1995ஆம் வருட வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் இவர்களை வேறு மாதிரி சொல்கிறது, 'கண்ணுக்குத் தெரியும் சிறுபான்மையினர்' என்று. பூர்வகுடிகளைத் தவிர்த்து, வெள்ளை இனத்தவரோ வெள்ளை நிறத்தவரோ அல்லாதவர்கள் என்று அதற்கு அர்த்தம். யார் கண்ணுக்குத் தெரியும் என்று கேட்டால் பதில் தானாக வந்துவிடும். அதனால்தான் இப்போது பலர் அந்தப் பழைய சொல்லை விட்டுவிட்டு இந்தப் புதிய சொல்லுக்கு வந்திருக்கிறார்கள்.

எனக்கு அதிசயமாக இருந்தது வேறு ஒன்று. அவள் படிவத்தில் ஒரு சின்னப் பெட்டி. நான் இந்தச் சமூகத்தைச் சேர்ந்தவள் என்று அவளே டிக் அடித்தால் போதும். சான்றிதழ் கிடையாது, தாசில்தார் கிடையாது, பச்சை மை கிடையாது. அவள் சொல்வதை நம்புகிறார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மலைக்குப் போகும்போது தேவைப்படும்.

ஏன் நாட்டியத்துக்கு இப்படித் தனியாக என்று கேட்கலாம், நானும் கேட்டேன். அவள் பாலே என்கிற மேற்கத்திய நடனத்தின் காலணியைப் பற்றிச் சொன்னாள். பாலே ஆடும் பெண்களின் காலணி காலங்காலமாக வெளிர் ரோஜா நிறம்தான், கால் நீளமாகத் தெரிய வேண்டும், காலணியும் தோலும் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. யாருடைய தோல்? கறுப்பினப் பெண்கள் கடையில் முகத்துக்குப் பூசும் ஃபவுண்டேஷன் வாங்கி ஒவ்வொரு ஜோடிக்கும் தாங்களே பூசிக்கொள்வார்கள். லண்டனில் ஃப்ரீட் என்கிற பழைய காலணிக் கம்பெனி 'பாலே பிளாக்' என்கிற நடனக் குழுவோடு சேர்ந்து பழுப்பு, வெண்கல நிறங்களில் காலணி கொண்டுவந்தது 2018ல்தான். அதற்கு ஏறக்குறைய ஐம்பது வருடத்துக்கு முன்னால், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டதற்கு மறுவருடம், 1969ல், ஆர்தர் மிட்செல் என்கிற கறுப்பின நடனக் கலைஞர் நியூயார்க்கின் ஹார்லெமில் ஒரு நடனப் பள்ளியும் குழுவும் தொடங்கினார், தன் தெருப் பிள்ளைகளும் பாலே ஆட முடியும் என்று காட்ட. அவர்கள் காலணிக்குச் சாயம் போட்டுத்தான் ஆடினார்கள்.

போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. அங்கே காலணியைத் தோல் நிறத்துக்குப் பூசுகிறார்கள். இங்கே நாம் தோலையே பூசுகிறோம். சேலத்தில் எந்த நாட்டியப் பள்ளி ஆண்டு விழாவுக்கும் போய் மேடைக்குப் பின்னால் நின்று பாருங்கள். மேக்கப் அண்ணன் ஒரே டப்பாவை வைத்துக்கொண்டு வரிசையாக முப்பது குழந்தைகளுக்கும் அடித்துவிடுவார், கழுத்து வரை ஒரு நிறம், கழுத்துக்குக் கீழே பிள்ளையின் சொந்த நிறம். கை முத்திரை பிடித்து முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவரும்போது அது வேறு யாருடைய கையோ மாதிரி இருக்கும். கறுப்பான பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு கோட். இந்தக் கனடாக்காரிக்கு ஆறு வயதில் அதைச் செய்தது வேறு யாரும் இல்லை, நான் நடத்திய முதல் ஆண்டு விழாதான். "கொஞ்சம் தூக்கலா போடுங்கண்ணா, லைட்ல தெரியாது" என்று நானே சொன்னேன். அவளுக்கு நினைவிருக்கிறதா என்று கேட்கத் துணிச்சல் வரவில்லை.

அவளுடைய சிக்கல் கட்டுரையில் இருந்தது. உங்கள் பண்பாட்டுப் பின்னணி உங்கள் கலையை எப்படி வடிவமைத்தது, இத்தனை சொற்களுக்குள் எழுதுக. அவளுக்கு இப்போது பரதத்தில் பெரிய ஆசை இல்லை. அங்கே போய் தற்கால நடனம் படித்தாள், தரையில் உருண்டு புரண்டு ஆடுகிற ஆட்டம், அதில்தான் மேற்படிப்புக்குப் போக வேண்டும். ஆனால் கூட இருக்கிறவர்கள் எல்லாம், நல்ல எண்ணத்தோடுதான், "பட்டுப்புடவை போட்டோவை வை, பரதத்தைப் பற்றி எழுது, கோயில் பற்றி எழுது, அப்போதான் கிடைக்கும்" என்கிறார்களாம். மேனகா தாக்கர் போன்ற நாட்டியக் கலைஞர்கள் 1970களில் டொராண்டோவில் பரதத்தைக் கொண்டுபோய் நட்டபோது இருந்த பிரச்சினை வேறு, இதுவும் கலைதான் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. இவளுக்கு அதன் மறுபக்கம். உனக்கு இதுதான் கலை, வேறு எதற்கு ஆசைப்படுகிறாய் என்கிறார்கள்.

"எனக்கு வேணும்கிறது டான்ஸ் படிக்கக் காசு மிஸ். அவங்களுக்கு வேணும்கிறது நான் இந்தியாவா இருக்கணும்."

இதைக் கேட்டு நான் ரொம்ப நியாயமாகக் கொதித்தேன். என்ன அநியாயம், என்ன மாதிரி மனுஷர்கள் என்று. மூன்று நாள் கழித்து ஏற்காட்டுப் பையன் வந்தபோது நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவே.

பையனுக்கு 19 வயது. நாகலூர் தாண்டி உள்ளே ஒரு சின்ன ஊர். மலையாளிப் பழங்குடி. வெளியூர்க்காரர்கள் இந்தப் பெயரைக் கேட்டதும் கேரளா என்று நினைத்துக்கொள்கிறார்கள், அவன் கல்லூரியில் முதல் நாள் வாத்தியாரே "ஓணம் எல்லாம் கொண்டாடுவீங்களா" என்று கேட்டாராம். மலையை ஆள்கிறவர்கள் என்று அர்த்தம் சொல்வார்கள், காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்த கதையும் அவர்களுக்குள் உண்டு, பேசுவது தமிழ். சேலம் மாவட்டத்தில் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள், ஆனால் அந்தச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும், அதற்கு அலைந்த அலைச்சலில் அவனுடைய அப்பாவுக்குக் காபிப் பழம் பறிக்கிற நாட்களில் ஒரு மாதக் கூலி போயிற்று. அங்கே டிக். இங்கே அலைச்சல். இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்தால் தலை சுற்றத்தான் செய்யும். ஆனால் ஒன்று, அங்கே டிக் அடிப்பதால் கிடைப்பது ஒரு அமைப்பு மனது வைத்துக் கொடுக்கும் ஒரு உதவித்தொகை, இங்கே அந்தக் காகிதத்தால் கல்லூரியில் சட்டப்படி இடமே கிடைக்கிறது. படிப்புக்கு 69 சதவீதம் இட ஒதுக்கீடு என்று நாம் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். மேடைக்குத்தான் அப்படி ஒரு கணக்கு இல்லை.

பதின்மூன்று வயதில் என்னிடம் வந்தான். வாரம் இரண்டு முறை, இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, அடிவாரம் வந்து, அங்கிருந்து டவுனுக்கு. ராத்திரி கடைசி பஸ்ஸைப் பிடிக்க வகுப்பை நான் பதினைந்து நிமிடம் முன்னால் முடிப்பேன், அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் எப்போதும் அபிநயம், அதாவது முகத்தாலும் கையாலும் பாவம் காட்டுகிற பகுதி, இருக்கும், அதனால் பையனுக்கு நிருத்தம், அதாவது தாளத்துக்கு ஆடுகிற சுத்த ஆட்டம், கத்தி மாதிரி, அபிநயம் கொஞ்சம் மொட்டை. என் குறைதான். பெண் பிள்ளையாக இருந்திருந்தால் பஸ் செலவாவது மிஞ்சியிருக்கும்.

அவன் கொண்டுவந்தது மத்தியக் கலாச்சார அமைச்சகத்தின் இளம் கலைஞர்களுக்கான உதவித்தொகை. சி.சி.ஆர்.டி. என்று எல்லோரும் சொல்கிற பயிற்சி மையம் வழியாக வருவது. 18லிருந்து 25 வயது வரை, நாடு முழுக்க 400 பேருக்கு, மாதம் 5,000 ரூபாய், இரண்டு வருடம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவணையாக. குருவிடம் குறைந்தது ஐந்து வருடம் படித்திருக்க வேண்டும், குருவின் கையெழுத்து வேண்டும், நிபுணர்கள் முன்னால் ஆடிக் காட்ட வேண்டும். இதே மையம் 10லிருந்து 14 வயதுக் குழந்தைகளுக்கும் ஒன்று வைத்திருக்கிறது, 650 பேருக்கு, அதில் பரம்பரையாகக் கலை செய்யும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு 125 இடம் தனியாக உண்டு. வருடத்துக்கு 3,600 ரூபாயும், அதோடு வகுப்புக் கட்டணமும். தொகையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், ஒருமுறை வாங்கிவிட்டால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே 20 வயது வரை போகலாம், அதுதான் அதில் விசேஷம். எங்களுக்கு இது தெரிய வந்தபோது பையனுக்கு வயது 15. பத்து வயதில் பிள்ளையின் கலையைக் கவனித்து, டெல்லியில் என்ன திட்டம் இருக்கிறது என்று தெரிந்துவைத்து, விண்ணப்பமும் போடுகிற பெற்றோர் எந்த மாதிரி வீட்டில் இருப்பார்கள்? காபித் தோட்டக் கூலி வீட்டில் இருப்பார்களா? விட்டால் விட்டதுதான், 18 வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்தான்.

இப்போது பெட்டி. இந்தப் படிவத்திலும் ஒரு பெட்டி. எந்தப் பிரிவு? சாஸ்திரிய நடனமா, நாட்டுப்புற, பாரம்பரிய, பழங்குடிக் கலைகளா?

நான் யோசிக்கக்கூட இல்லை. "ரெண்டாவதுல போடுடா" என்றேன். அவனுடைய ஊரில் கோயில் பண்டிகைக்கு ஆண்கள் வட்டமாக நின்று ஆடுகிற ஆட்டம் ஒன்று உண்டு, சின்ன வயதிலிருந்து மாமாவோடு ஆடுகிறான், நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன், முழங்கால் மடிந்து அவர்கள் ஒரே நேரத்தில் திரும்பும்போது மண் அதிரும். பரதத்தில் இந்தியா முழுக்கப் போட்டி, ஐந்து வயதிலிருந்து தினமும் வகுப்புக்குப் போன பிள்ளைகள் வருவார்கள், அபிநயத்தில் இவன் அடிபடுவான், பழங்குடிப் பையன் பழங்குடி ஆட்டம் ஆடினால் உடனே கவனிப்பார்கள், சட்டென்று கிடைத்துவிடும், இதெல்லாம் எனக்கு ஒரு நொடியில் கணக்குப் போட்டு வந்துவிட்டது. ஒரு நல்ல வீடியோ எடுத்துவிடலாம் என்றும் சொன்னேன். தலையில் உருமால் எல்லாம் கட்டி.

அவன் கவரைத் தடவிக்கொண்டே கேட்டான். "மிஸ், அதை நான் சாமிக்குத்தான் ஆடுறேன். அதுக்கு எதுக்கு ஸ்காலர்ஷிப்?"

"கிடைக்கும்டா."

"ஆறு வருஷமா மலை இறங்கி வந்தது வர்ணம் ஆடத்தானே?" வர்ணம் என்றால் பரதக் கச்சேரியில் நீளமான, முக்கியமான உருப்படி.

மூன்று நாளுக்கு முன்னால் டொராண்டோக்காரர்களைத் திட்டிய அதே வாய்தான் எனக்கு. புடவை போட்டோ வை என்று அவர்கள் சொன்னதற்கும், உருமால் கட்டு என்று நான் சொன்னதற்கும் நடுவில் ஏழு கடல் இருக்கலாம், வித்தியாசம் ஒன்றும் இல்லை. இன்னும் சொல்லப்போனால் நான் மோசம், அவர்களுக்கு அவளைத் தெரியாது, எனக்கு இவனைத் தெரியும்.

உன் ஆட்டத்தை ஆடு என்று யாரிடம் சொல்கிறோம் என்பதைப் பாருங்கள். 1930களில் சதிர் என்கிற பெயர் போய் பரதநாட்டியம் என்ற பெயர் வந்ததே, அதுவரை அதை ஆடிக் காப்பாற்றி வந்த தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள் மெல்ல மேடையை விட்டு இறங்கினார்கள், 1936ல் கலாக்ஷேத்ரா என்கிற நாட்டியப் பள்ளி வந்தது, 1947ல் மதராஸ் மாகாணத்தில் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரே அந்த வாழ்க்கையிலிருந்து வந்து அதற்காகப் போராடியவர். அந்தப் பரம்பரையில் பாலசரஸ்வதி மாதிரி ஒரு சிலர் நின்று ஆடினார்கள், நிறைய பேர் காணாமல் போனார்கள். அந்த நேரத்தில் அந்த மேடையில் புதிதாக ஏறிய வீடுகளின் பெண்களைப் பார்த்து யாராவது "உங்கள் வீட்டு ஆட்டம் என்னவோ அதை ஆடுங்களேன்" என்று சொன்னார்களா? வேறு ஒருவரின் கலையைக் கற்றுக்கொள்கிற உரிமை அவர்களுக்குத் தானாகக் கிடைத்தது. நாகலூர்ப் பையனுக்கு மட்டும் அவன் பிறந்த ஊரின் ஆட்டமே போதும் என்று நாம் பெருந்தன்மையாகச் சொல்கிறோம், அதற்குப் பாரம்பரியத்தைப் போற்றுவது என்று பெயரும் வைத்துவிடுகிறோம்.

இதைச் சொன்னதும் நாட்டுப்புறக் கலைக்கு உதவித்தொகை கூடாது என்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். தாராளமாக வேண்டும், இன்னும் கூடுதலாக வேண்டும். கரகம், தப்பாட்டம், கூத்து என்று அதையே தொழிலாக வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு மாசி, பங்குனி, சித்திரை, ஆடி தவிர மற்ற மாதங்களில் வருமானம் என்ன என்று கேட்டுப் பாருங்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007லிருந்து இருக்கிறது, பிள்ளைகள் படிப்புக்கு உதவி, திருமணத்துக்கு உதவி, இறந்தால் உதவி என்று வாழ்க்கைக்கு ஒரு தாங்கல் கிடைக்கிறது, பெரிய விஷயம். நான் சொல்வது இதுதான், பெட்டியை யார் டிக் அடிக்கிறார்கள் என்பது முக்கியம்.

பணத்தைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும், எல்லோரும் தவிர்க்கிற இடம் அது. மாதம் 5,000 என்றால் இரண்டு வருடத்துக்கு 1,20,000. தவணைக்கு 30,000. படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆட்டத்துக்குச் செலவு தினமும் வருகிறது, பணம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, நடுவில் யாராவது கைமாற்றுக் கொடுக்க வேண்டும். கைமாற்றுக் கொடுக்க ஆள் இருக்கிற வீட்டுக்கு இந்தத் திட்டம் நன்றாக வேலை செய்யும். இல்லாத வீட்டில் 30,000 மொத்தமாக வந்து இறங்கும்போது ஓட்டு வீட்டில் மழை ஒழுகினால் அது ஓட்டுக்குத்தான் போகும், போகவும் வேண்டும், அதைத் தப்பு என்று சொல்ல நான் யார்? என்னிடம் அதிகாரம் இருந்தால் இந்த மாதிரிப் பிள்ளைக்கு வகுப்புக் கட்டணத்தைக் கடைசியாகத்தான் கொடுப்பேன், நானே வாங்குவதில்லை. சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு அறை, மூன்று வேளைச் சாப்பாடு, முட்டி வலித்தால் போய்க் காட்ட ஒரு பிசியோதெரபிஸ்ட், இது மூன்றையும் மாதாமாதம் கொடுப்பேன். கடைசி பஸ் பயம் இல்லாமல் அந்தப் பதினைந்து நிமிட அபிநயத்தை அவன் ஆடட்டும்.

அப்புறம் அந்த 'ஆரம்ப நிலை' என்கிற விஷயம். கனடாக்காரியின் படிவத்தில் அதற்கு விளக்கம் கொடுத்திருந்தார்கள், படிப்பை முடித்துவிட்டு இன்னும் பெயர் வாங்காத காலம் என்கிற மாதிரி. அப்படி ஒரு காலம் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டதற்கே அவர்களைக் கும்பிடலாம். நம் ஊரில் அரங்கேற்றம் வரை எல்லோரும் கூட இருப்பார்கள், பெரியப்பா, சித்தப்பா, பக்கத்து வீடு, எல்லோரும் சால்வையோடு. மறுநாள் காலையிலிருந்து ஒருவரும் இருக்க மாட்டார்கள். எனக்கு 23 வயதில் வெளியூரில் ஒரு சபாவில் வாய்ப்பு இருக்கிறது என்று கூப்பிட்டார்கள். சன்மானம் எவ்வளவு என்று கேட்டேன், அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு, "நீங்கதாம்மா கொடுக்கணும்" என்றார். மேடைக்கு, விளக்குக்கு, பத்திரிகையில் பெயர் வருவதற்கு. பக்க வாத்தியமும் என் செலவு. அம்மா தாலிக்கொடியை அடகு வைத்துக் கொடுத்தார், ஆடினேன், முன்வரிசையில் நான்கு பேர், அதில் இரண்டு பேர் அடுத்து ஆடப்போகிற பெண்ணின் அப்பா அம்மா. அதற்கப்புறம் நான் எந்த சபாவுக்கும் எழுதவில்லை. நகையை மீட்க இரண்டு வருடம் ஆனது. 25 தாண்டினால் அதே கலாச்சார அமைச்சகத்தின் ஜூனியர் ஃபெல்லோஷிப் என்று ஒன்று இருக்கிறது, 40 வயது வரை, மாதம் 10,000, ஆனால் அது ஆராய்ச்சித் திட்டம் எழுதிக் கொடுக்கிறவர்களுக்கு, சும்மா ஆடத் தெரிந்தவர்களுக்கு இல்லை. நல்ல ஆட்டக்காரர்கள் காணாமல் போகிற இடம் இந்த நடுப்பகுதிதான், நானும் அங்கேதான் காணாமல் போய் டீச்சர் ஆனேன். வருத்தம் இல்லை. சில நாள் இருக்கும்.

சரி, படிவத்துக்கு வருகிறேன். பையன் முதல் பெட்டியை டிக் அடித்தான். பரதநாட்டியம். குரு என்கிற இடத்தில் என் கையெழுத்து. கீழே வேறு பயிற்சிகள் இருந்தால் எழுதலாம் என்று இடம் இருந்தது, அங்கே ஊர்க் கோயில் ஆட்டம், கற்றுக் கொடுத்தவர் தாய்மாமன் என்று எழுதினான். அவரிடமும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம், தேவை இல்லாவிட்டாலும் இருக்கட்டும் என்று அடுத்த ஞாயிறு நானே மலைக்குப் போனேன். மாமா மிளகு காயப்போட்டுக்கொண்டு இருந்தார். காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல கையெழுத்துப் போட்டா நிலத்துக்கு ஒண்ணும் வில்லங்கம் வராதுங்களே?"

வராது என்று மூன்று முறை சொன்ன பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் பெயர் எழுதினார். குரு என்று அச்சடித்திருந்ததைப் படித்துவிட்டு, "நான் எங்கங்க சொல்லிக்கொடுத்தேன், பக்கத்துல நின்னான், வந்திருச்சு" என்றார். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஏற்காடு கம்ப்யூட்டர் கடையில் எல்லாவற்றையும் ஏற்றி முடிக்க மூன்று மணி நேரம், கையெழுத்தின் சைஸ் பெரிது, போட்டோவின் சைஸ் சின்னது, கரண்ட் இரண்டு முறை போனது. வீடியோவில் வர்ணம் ஆடினான், மேக்கப் இல்லாமல். அது நான் சொன்னது.

கனடாக்காரி கட்டுரையை அனுப்பிவிட்டாள், எனக்கும் ஒரு காப்பி. கோயிலும் இல்லை, பட்டுப்புடவையும் இல்லை. ஆறு வயதில் சேலத்தில் ஒரு மேடைக்குப் பின்னால் தன் முகத்துக்கு வெள்ளை அடித்தார்கள் என்றும், கண்ணாடியில் பார்த்துவிட்டு இது யார் என்று பயந்தேன் என்றும் தொடங்குகிறது. அவளுக்கு நினைவிருக்கிறது. டீச்சரின் பெயரைப் போடவில்லை, அவள் நல்ல பெண். படித்துவிட்டு நான் ஒன்றும் பதில் எழுதவில்லை, ஒரு மணி நேரம் கழித்து "ஸாரிடி" என்று மட்டும் அனுப்பினேன். "அந்த மேக்கப் அண்ணன் எப்படி இருக்காங்க மிஸ்?" என்று கேட்டாள்.

இரண்டுக்கும் இன்னும் முடிவு வரவில்லை. மே மாதம் அவள் ஊருக்கு வருகிறாள், சேர்வராயன் கோயில் திருவிழா நேரம். பையன் ஊர் ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமாம், நான் போய்ச் சொன்னதுதான் வினை. அவனிடம் கேட்டேன். வரலாமாம், சாப்பாடு அவர்கள் வீட்டில்தானாம். போன் மட்டும் பையில் இருக்க வேண்டுமாம்.